நிற்காத பில்லிங்: வணிக நிறுவனத்திற்கு ஒரு சர்வர் கிளஸ்டர் அமைக்கும் முறை

பல கிளைகளைக் கொண்ட ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் பில் போடுவது, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி ஆகிய மூன்றும் ஒரே தரவுத்தளத்தை நம்பியே நடக்கின்றன. அந்தத் தரவுத்தளம் ஒரே சர்வரில் இருந்தால், அந்த சர்வரின் மதர்போர்டு பழுதாகும் நாளில் எல்லாக் கிளைகளிலும் விற்பனை நின்றுவிடும். இத்தகைய நிறுவனம் ஒன்றுக்கு, இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்களைக் கொண்டு ஒரு கிளஸ்டரை, அதாவது ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும் சர்வர் கூட்டத்தை, அமைப்பது எப்படி என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது. தரவுத்தளமாகப் போஸ்ட்கிரெஸ், அதை மேற்பார்வையிடப் பேட்ரோனி, தலைமை (எழுதும் உரிமை) யாரிடம் என்பதைப் பதிவு செய்ய எட்சிடி, இணைப்புகளைப் பிரித்தனுப்ப ஹெச்ஏபிராக்சி, பொது முகவரியைக் காக்கக் கீப்அலைவ்டி என்பதே நாம் எடுத்துக்கொள்ளும் அமைப்பு. லினக்ஸ் நிர்வாகம் அறிந்தவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்படுகிறது.

கூடுதல் சர்வர்களை வாங்கி இணைப்பது எளிது. அவற்றுக்கிடையே தொடர்பு அறுந்த நொடியில் எந்த சர்வர் தொடர்ந்து எழுதலாம், எது எழுதுவதை நிறுத்த வேண்டும் என்பதை மனிதர் யாரும் தலையிடாமல் பிழையின்றி முடிவு செய்ய வைப்பதே இதில் கடினமான வேலை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு அமைப்பும் அந்த ஒரு முடிவுக்காகவே செய்யப்படுகிறது.

நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியவை

எவ்வளவு நேரம் பில்லிங் நின்றால் தாங்கலாம், எத்தனை நிமிட விற்பனைப் பதிவு தொலைந்தால் தாங்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் உரிமையாளரிடமிருந்து எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 99.9 சதவீதம் இயங்க வேண்டும் என்றால் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நிற்கலாம் என்று பொருள், 99.99 சதவீதம் என்றால் 53 நிமிடத்துக்கும் குறைவு. இரவில் நாமே செய்யும் மறுதொடக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதா என்பதை அப்போதே பேசி முடித்துவிட வேண்டும். அரை நாள் நின்றாலும் கையால் பில் எழுதிச் சமாளித்துக்கொள்வோம் என்று உரிமையாளர் சொன்னால், கிளஸ்டரே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு நல்ல சர்வர், சோதித்துப் பார்க்கப்பட்ட பேக்கப், தயாராக வைத்த ஒரு மாற்று இயந்திரம் ஆகியவை குறைந்த செலவில் அவருக்குப் போதுமானவை. கவனிக்க ஆளில்லாத கிளஸ்டர், தனி சர்வரைவிட அதிக முறை நின்றுபோகும்.

ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து பாகங்களைக் கடந்து செல்லும் சேவையில் ஒவ்வொரு பாகமும் 99.9 சதவீதம் இயங்கினாலும், முழுச் சேவை 99.5 சதவீதமே இயங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 44 மணி நேரம் நிற்கும். மாறாக, தனித்தனியே 99 சதவீதம் மட்டுமே இயங்கும் இரண்டு சர்வர்களில் எது இருந்தாலும் போதும் என்று அமைத்தால், கணக்குப்படி 99.99 சதவீதம் கிடைக்கும். ஆனால் ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாது என்றால்தான் இந்தக் கணக்கு உண்மையாகும். ஒரே யுபிஎஸ்ஸில் செருகப்பட்ட இரண்டு சர்வர்கள், மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே சர்வர்தான்.

ஆகவே ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு பவர் சப்ளை இருக்க வேண்டும். அவை இரண்டும் வெவ்வேறு யுபிஎஸ்களுக்குப் போக வேண்டும். இரண்டு நெட்வொர்க் கேபிள்களும் வெவ்வேறு ஸ்விட்சுகளுக்குப் போக வேண்டும். மெய்நிகர் இயந்திரங்களைப் பயன்படுத்துவோர், கிளஸ்டரின் இரண்டு கணுக்கள் (உறுப்பு சர்வர்கள்) ஒரே பௌதிக சர்வரில் ஒருபோதும் ஓடாதபடி விதி எழுதி வைக்க வேண்டும். தொடக்கத்தில் சரியாகப் பிரித்து வைத்திருந்தாலும், சில மாதங்களில் யாரோ ஒருவர் பராமரிப்புக்காக நகர்த்தி, எல்லாக் கணுக்களும் ஒரே இயந்திரத்தில் வந்து சேர்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஏன் மூன்று கணுக்கள்

இரண்டு சர்வர்களை மட்டும் வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று பொறுப்பேற்கட்டும் என்று அமைப்பதே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள ஸ்விட்ச் பழுதானால், மற்றது இறந்துவிட்டது என்றே ஒவ்வொன்றும் நினைக்கும். இரண்டும் தலைமையேற்று இரண்டும் எழுதத் தொடங்கும். அதன்பின் ஒரே பில் எண்ணில் இரு வேறு வாடிக்கையாளர்கள், இரு வேறு இருப்புக் கணக்குகள் என்று தரவு இரண்டாகப் பிளந்துவிடும். சேவை ஒரு மணி நேரம் நின்றால் இழப்பு அந்த ஒரு மணி நேரத்தோடு முடியும். பிளந்த தரவை ஒட்டவைக்கக் கணக்குப் பிரிவினர் வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் கிட்ஹப் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதற்கு நெருக்கமானது. ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும் வழக்கமான பணியின்போது, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மைத் தரவு மையத்துக்கும் இடையே 43 வினாடிகள் தொடர்பு அறுந்தது. அந்த இடைவெளியில் தானியங்கி அமைப்பு தரவுத்தளத் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டிருந்த சில வினாடிப் பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மேற்கிலோ புதிய பதிவுகள் வரத் தொடங்கிவிட்டன. இரண்டையும் இழக்காமல் சீர்செய்ய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. திறமையான பொறியாளர்களைக் கொண்ட நிறுவனம் அது. அங்கே தலைமை மாற்றம் விதிப்படியே நடந்தது. மறுபக்கத்துக்குப் போய்ச் சேராத பதிவுகளுக்கு மட்டும் அந்த விதியில் இடமில்லாமல் இருந்தது.

பெரும்பான்மை வாக்கு என்ற விதி இரட்டைத் தலைமையைத் தடுக்கிறது. மூன்று கணுக்களில் இரண்டு ஒத்துக்கொண்டால்தான் ஒரு கணு தலைமையேற்கலாம். தனியே துண்டிக்கப்பட்ட கணுவுக்கு இரண்டாவது வாக்கு கிடைக்காது. மூன்று கணுக்கள் ஒன்றின் இழப்பைத் தாங்கும், ஐந்து கணுக்கள் இரண்டின் இழப்பைத் தாங்கும். நான்கு கணுக்களும் ஒன்றின் இழப்பை மட்டுமே தாங்கும் என்பதால் நான்காவதற்குச் செலவிடுவது வீண். எட்சிடி இந்த வாக்கெடுப்பை, டியேகோ ஓங்காரோவும் ஜான் அவுஸ்டர்ஹவுட்டும் 2014இல் வெளியிட்ட ராஃப்ட் என்ற வழிமுறைப்படி நடத்துகிறது. கணுக்களை இரண்டு கட்டடங்களில் பிரித்து வைக்க விரும்புவோர், இரண்டு கணுக்கள் உள்ள கட்டடம் விழுந்தால் எஞ்சிய ஒன்று தனியே இயங்காது என்பதை உணர வேண்டும். அத்தகைய நிலையில் எட்சிடி மட்டும் ஓடும் ஒரு சிறு இயந்திரத்தை மூன்றாவது இடத்தில் வைப்பதே சரியான வழி.

எட்சிடியும் அதன் வட்டும்

மூன்று கணுக்களிலும் முதலில் கடிகாரங்களைச் சரிசெய்யும் குரோனியை நிறுவி நேரத்தை ஒன்றாக்குங்கள். பிறகு எட்சிடியை நிறுவி, 2379, 2380 ஆகிய போர்ட்டுகளைக் கணுக்களுக்கிடையே திறந்து, சான்றிதழ்களுடன் இணையுங்கள். எட்சிடி சேமிக்கும் தரவு மிகச் சிறியது; ஆயினும் எழுதப்படும் ஒவ்வொரு பதிவும் வட்டில் உறுதியாகப் பதியும் வரை அது காத்திருக்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பதிவுகள் 10 மில்லிவினாடிக்குள் வட்டில் பதிய வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. தரவுத்தளம் ஓடும் அதே வட்டில் எட்சிடியையும் வைத்தால், மாதக் கடைசி அறிக்கை ஓடும் நேரத்தில் எட்சிடி மூச்சுத் திணறும். தான் இயங்குவதாக எட்சிடியின் தலைமைக் கணு அனுப்பும் இதயத் துடிப்புச் செய்தி இயல்பாக 100 மில்லிவினாடிக்கு ஒரு முறை. 1000 மில்லிவினாடி செய்தி வராவிட்டால் மறுதேர்தல். எந்தச் சர்வரும் பழுதாகாமலேயே தலைமை மாறிக்கொண்டிருப்பதாகக் கூறி உதவி கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வட்டைப் பற்றித்தான். எட்சிடிக்கெனத் தனி எஸ்எஸ்டி ஒன்றை ஒதுக்குங்கள். நிறுவுவதற்கு முன்பே எஃப்ஐஓ கருவியால் அதன் வேகத்தை அளந்து குறித்து வையுங்கள்.

பேட்ரோனியும் போஸ்ட்கிரெஸ்ஸும்

தரவுத்தளத்தை உருவாக்கும்போதே வட்டில் தரவு கெட்டதைக் கண்டுபிடிக்க உதவும் பக்கச் சரிபார்ப்பு எண்களை இயக்கிவிடுங்கள். பழைய தலைமை சர்வர் திரும்பி வரும்போது, முழுத் தரவையும் மறுபடி நகலெடுக்காமல் விலகிய பகுதியை மட்டும் திருத்திச் சேர்த்துக்கொள்ளும் பிஜி ரீவைண்டு கருவிக்கும் அது வழி செய்யும்.

பேட்ரோனியின் இயல்பான அமைப்பில், தலைமை சர்வர் 10 வினாடிக்கு ஒரு முறை எட்சிடியில் உள்ள தன் பூட்டைப் புதுப்பிக்கும். அந்தப் பூட்டின் ஆயுள் 30 வினாடி. புதுப்பிக்க முடியாமல் போனால் தலைமை சர்வர் தானாகவே பதவி இறங்கிவிடும். பூட்டு காலாவதியானதும், தலைமையின் தரவை நகலெடுத்துக்கொண்டே இருக்கும் துணை சர்வர்களில் ஒன்று அதை எடுத்துக்கொள்ளும். பழையது இறங்கிய பிறகே புதியது ஏறுவதுதான் இதன் பாதுகாப்பு. விரைவாக மாற வேண்டும் என்று இந்த எண்களைக் குறைக்கும் ஆசை பலருக்கும் வரும். சுழற்சி இடைவெளியோடு மறுமுயற்சி நேரத்தின் இரு மடங்கைக் கூட்டினால் வரும் தொகை, பூட்டின் ஆயுளைத் தாண்டக் கூடாது என்பது விதி. இயல்பான எண்களான சுழற்சி 10, மறுமுயற்சி 10, ஆயுள் 30 அந்த எல்லையிலேயே நிற்கின்றன. முதல் ஆறு மாதம் அவற்றைத் தொடாமல் இருப்பதையே பரிந்துரைக்கிறேன்.

பேட்ரோனி நிரலே உறைந்துபோனால் பதவி இறங்கச் சொல்ல ஆளிருக்காது. அதற்காக லினக்ஸின் வாட்ச்டாக் வசதியை இயக்குங்கள். குறித்த நேரத்துக்குள் பேட்ரோனியிடமிருந்து செய்தி வராவிட்டால் அது இயந்திரத்தையே மறுதொடக்கம் செய்துவிடும். மேலும், எட்சிடி முழுவதும் எட்டாமல் போனால் நன்றாக இருக்கும் தலைமை சர்வரும் பதவி இறங்கிவிடும் என்பதால், கிளஸ்டரின் மற்ற எல்லா உறுப்பினர்களோடும் தொடர்பு இருக்கும் வரை தலைமையைத் தொடர அனுமதிக்கும் ஃபெயில்சேஃப் அமைப்பையும் இயக்கி வையுங்கள்.

தரவு இழப்பைப் பற்றி உரிமையாளர் தந்த பதில் இப்போது தேவைப்படும். இயல்பு நிலையில் தலைமை சர்வர் துணைக்குக் காத்திராமலே பில்லை ஏற்றுக்கொள்ளும். அது அந்த நொடியே எரிந்துபோனால் கடைசிச் சில பில்கள் போய்விடும். ஒரு பில் கூடப் போகக் கூடாது என்றால் பேட்ரோனியின் சிங்க்ரனஸ் முறையை இயக்க வேண்டும். அப்போது ஒரு துணை சர்வரிலும் பதிந்த பிறகே பில் உறுதியாகும். அந்தத் துணை சர்வர் மட்டுமே அடுத்த தலைமைக்குத் தகுதி பெறும். ஒரே கட்டடத்துக்குள் இதற்காகும் கூடுதல் தாமதத்தைக் கவுண்டரில் இருப்பவர் உணரவே மாட்டார். மூன்றாவது கணுவையும் முழுத் தரவுத்தள சர்வராக வைக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்: ஒரு துணை விழுந்தாலும் மற்றொரு துணை அந்த இடத்துக்கு வரும். துணை எதுவுமே இல்லாவிட்டால் எழுதுவதையே நிறுத்தும் கடுமையான முறையும் உண்டு. வங்கிக் கணக்கைப் போன்ற பதிவுகளுக்கு அது பொருந்தும், மொத்த வியாபார பில்லிங்குக்குத் தேவையில்லை.

பில் எண்ணைப் பற்றி ஒரு முக்கியமான குறிப்பு. போஸ்ட்கிரெஸ்ஸில் வரிசை எண் தரும் சீக்வென்ஸ் வசதி வேகத்துக்காக 32 எண்களை முன்கூட்டியே பதிவேட்டில் எழுதி வைக்கிறது. ஆகவே தலைமை மாறும்போது எண்கள் இடையில் விட்டுப்போகலாம். இந்தியாவில் ஜிஎஸ்டி விதி 46, விலைப்பட்டியல் எண் 16 எழுத்துகளுக்கு மிகாத தொடர் வரிசையாக இருக்க வேண்டும் என்கிறது. எனவே பில் எண்ணை சீக்வென்ஸிலிருந்து எடுக்காமல், பில் பதிவாகும் அதே பரிவர்த்தனைக்குள் உயரும் ஓர் எண்ணிக்கை அட்டவணையிலிருந்து எடுக்கச் சொல்லி மென்பொருள் எழுதுபவரிடம் வலியுறுத்துங்கள். கிளைக்கு ஒரு வரிசை என்று பிரித்துவிட்டால் கிளைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியிராது.

இணைப்புகளைத் திருப்புதல்

இரண்டு சிறிய இயந்திரங்களில் ஹெச்ஏபிராக்சியை நிறுவி, 5000 போர்ட்டில் எழுதும் இணைப்புகளையும் 5001 போர்ட்டில் படிக்கும் இணைப்புகளையும் ஏற்கச் செய்யுங்கள். ஒவ்வொரு கணுவிலும் பேட்ரோனி 8008 போர்ட்டில், தலைமையா என்று கேட்டால் தலைமை மட்டும், துணையா என்று கேட்டால் துணை மட்டும், 200 (ஆம்) என்ற குறியீட்டால் பதில் தரும். ஹெச்ஏபிராக்சி அதைக் கேட்டே இணைப்பை அனுப்பும். போஸ்ட்கிரெஸ் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. துணை சர்வரும் உயிரோடுதான் இருக்கும். இயல்பில் 2 வினாடிக்கு ஒரு சோதனை, தொடர்ந்து 3 தோல்வி என்றால் நீக்கம், 2 வெற்றி என்றால் மீண்டும் சேர்ப்பு. ஒரு கணு நீக்கப்பட்டதும் அதிலிருக்கும் பழைய இணைப்புகளை உடனே அறுக்கச் சொல்லும் அமைப்பை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பயன்பாட்டு சர்வர்கள் (பில்லிங் மென்பொருள் ஓடுபவை) பதவி இழந்த சர்வரையே நெடுநேரம் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு இயந்திரங்களுக்கும் பொதுவான ஒரு முகவரியைக் கீப்அலைவ்டி பார்த்துக்கொள்ளும். இது விஆர்ஆர்பி என்ற நெறிமுறையில், ஐபி நெறிமுறை எண் 112 வழியாக, 1 வினாடிக்கு ஒரு முறை அறிவிப்பு அனுப்பும். ஃபயர்வால் அந்த எண்ணைத் தடுத்தால் இரண்டு இயந்திரங்களும் ஒரே நேரத்தில் அந்த முகவரியைப் பிடித்துக்கொள்ளும். கிளவுட் நெட்வொர்க்குகள் பலவற்றில் ஒரே செய்தியைப் பலருக்கு ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் இல்லாததால், அங்கே எதிர் இயந்திரத்தின் முகவரியைக் குறிப்பிட்டு நேரடியாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஹெச்ஏபிராக்சி இறந்து இயந்திரம் மட்டும் ஓடும் நிலையிலும் முகவரி கைமாற வேண்டும் என்பதால், அதைக் கண்காணிக்கும் சிறு நிரலையும் இணைத்துக்கொள்ளுங்கள்.

வளர்ச்சிக்கு இடம் வைத்தல்

பயன்பாட்டு சர்வர்களைப் பெருக்குவது எளிது. பயனரின் உள்நுழைவு விவரம் எந்தச் சர்வரின் நினைவகத்திலும் தங்காமல் ரெடிஸ் போன்ற பொது இடத்திலோ தரவுத்தளத்திலோ இருந்தால், வேண்டியபோது ஒன்றைச் சேர்க்கலாம், ஒன்றை எடுக்கலாம். தரவுத்தளத்தில் எழுதும் வேலை மட்டும் எத்தனை கணுக்கள் சேர்த்தாலும் ஒரே தலைமை சர்வரில்தான் நடக்கும். ஆகவே எழுதும் சுமை கூடினால் அந்த சர்வரின் திறனைத்தான் கூட்ட வேண்டும். துணையும் ஒரு நாள் தலைமையேற்கும் என்பதால் மூன்றையும் சேர்த்தே கூட்ட வேண்டும். துணையில் நினைவகம் குறைவாக வைத்துச் சிக்கனம் செய்வதற்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை.

படிக்கும் வேலையைத் துணைக்கு அனுப்பலாம் என்றாலும், எதை அனுப்புவது என்பதில் கவனம் வேண்டும். துணை சர்வர் தலைமைக்கு ஓரிரு வினாடி பின்தங்கியிருக்கும். பில் போட்ட ஊழியர் உடனே பட்டியலைத் திறந்து, தம் பில்லைக் காணாமல், அதே பில்லை மறுபடி போட்டுவிடுவார். மாத அறிக்கைகள், இருப்பு ஆய்வு போன்றவற்றை மட்டும் துணைக்கு அனுப்புங்கள்.

போஸ்ட்கிரெஸ் இயல்பாக 100 இணைப்புகளையே ஏற்கும். ஆளுக்கு 50 இணைப்பு வைத்துக்கொள்ளும் மூன்று பயன்பாட்டு சர்வர்கள் வந்ததும் அது நிரம்பிவிடும். எண்ணை வரம்பின்றி உயர்த்தாமல், இடையில் பிஜிபவுன்சர் வைத்து இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்யுங்கள். சுமைக் கணக்கையும் ஒரு சர்வர் இல்லாத நிலையில் வைத்தே போட வேண்டும்: இரண்டு பயன்பாட்டு சர்வர்கள் ஆளுக்கு 70 சதவீதம் ஓடினால், ஒன்று விழுந்ததும் மற்றொன்றின் தலையில் 140 சதவீதம் விழும். மூன்று இருந்தால் ஒவ்வொன்றும் 66 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

தலைமை மாறும் அரை நிமிடத்தில் சில கோரிக்கைகள் தோற்கும். மென்பொருள் அவற்றைத் தானே மறுபடி முயல வேண்டும். முதல் முயற்சி உண்மையில் பதிவாகிவிட்டிருந்தால் இரண்டாவது முயற்சி இரட்டை பில் ஆகிவிடாதபடி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் கவுண்டரிலேயே தனி அடையாளம் தந்து, தரவுத்தளத்தில் அது மீண்டும் வர இயலாதபடி தடை வைக்க வேண்டும்.

பேக்கப் தனி வேலை

தவறாக அழிக்கப்பட்ட ஓர் அட்டவணை, துணை சர்வர்களிலும் ஒரு நொடியில் அழிந்துவிடும். கிளஸ்டர் இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று கிட்ஹப்பைப் போன்ற சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருப்பதாக எண்ணித் தலைமை சர்வரின் தரவை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்கும் நிரல் தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் முன்பே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு நகல்தான் மீட்டது. மீட்டுப் பார்க்காத பேக்கப், காற்றடிக்காத ஸ்டெப்னிக்குச் சமம்.

பிஜிபேக்ரெஸ்ட் கொண்டு வாரம் ஒரு முழு நகலும், இடையில் மாறியவற்றின் நகலும், தொடர்ந்து பரிவர்த்தனைப் பதிவுகளும் எடுத்து வைத்தால், அழிவு நேர்ந்த நிமிடத்துக்கு முந்தைய நிமிடத்துக்குத் திரும்பலாம். அவற்றில் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில், சர்வர்களை வாடகைக்குத் தரும் ஓவிஹெச் நிறுவனத்தின் ஒரு தரவு மையம் தீயில் முற்றிலும் அழிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். மாதம் ஒரு முறை வேறோர் இயந்திரத்தில் பேக்கப்பை மீட்டு, அதற்கு ஆகும் நேரத்தையும் முந்தைய நாள் விற்பனைத் தொகையையும் சரிபார்த்து எழுதி வையுங்கள்.

சோதனையும் பராமரிப்பும்

விற்பனை தொடங்குவதற்கு முன், விடுமுறை நாள் ஒன்றில் கிளஸ்டரை வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒழுங்காக நிறுத்தும் கட்டளையைத் தருவது சோதனை ஆகாது. உண்மையான பழுது அறிவித்துவிட்டு வருவதில்லை. வினாடிக்கு ஒரு வரிசை எண்ணை எழுதி, சர்வர் ஒத்துக்கொண்ட எண்களைத் தனியே குறித்துக்கொள்ளும் ஒரு சிறு நிரலை ஓடவிட்டு, தலைமை சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். மீண்டதும், குறித்த எண்கள் எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கின்றனவா, எத்தனை வினாடி இடைவெளி விழுந்தது என்று பாருங்கள். பிறகு மின்சாரத்தைத் தொடாமல் நெட்வொர்க் கம்பியை மட்டும் எடுங்கள். இதுதான் பிளவுச் சோதனை. அடுத்து ஒரு ஸ்விட்சை அணையுங்கள், பேட்ரோனி நிரலை உறையச் செய்யுங்கள், வட்டை நிரப்பிப் பாருங்கள். என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதை ஒவ்வொன்றுக்கும் முன்பே எழுதி வைத்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள்.

நாள்தோறும் கவனிக்க வேண்டியவை துணை பின்தங்கும் அளவு, வட்டில் மீதி இடம், எட்சிடியில் தலைமை மாறிய எண்ணிக்கை, சான்றிதழ்கள் காலாவதியாகும் தேதி ஆகியவை. பராமரிப்புக்காகப் பேட்ரோனியை இடைநிறுத்தி வைத்தவர் அதை விடுவிக்க மறந்தால், வெளியே எல்லாம் பச்சையாகத் தெரிந்தாலும் தானியங்கி மாற்றம் நடக்காது. இடைநிறுத்த நிலை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி செய்யுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது துணைகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து, அவை சமநிலைக்கு வந்ததும் தலைமையைக் கட்டளையிட்டு மாற்றி, பழைய தலைமையைக் கடைசியில் தொடுங்கள்.

பழுதான எட்சிடி கணுவை மாற்றும்போது வரிசை மிக முக்கியம். இறந்த உறுப்பினரை முதலில் நீக்கி, அதன் பிறகே புதியதைச் சேர்க்க வேண்டும். முதலில் புதியதைச் சேர்த்தால் உறுப்பினர் எண்ணிக்கை நான்காகி, பெரும்பான்மைக்கு மூன்று வாக்கு தேவைப்படும். உயிரோடு இருப்பவையோ இரண்டு. புதிய கணுவின் முகவரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் போதும், எட்சிடி எதையும் ஏற்காமல் நின்றுவிடும். உறுப்பினரை நீக்கும் கட்டளையையும் அப்போது அது ஏற்காது.